இலங்கை எந்தச் சந்தையோடு சேர வேண்டும்? சார்க், பிம்ஸ்டெக், ஆர்செப், இந்தியா

2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்கா வெளியிட்ட புதிய இறக்குமதி வரிப் பட்டியலில் இலங்கைக்கு எதிரே 44 சதவீதம் என்று இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஜூலையில் அது 30 ஆகி, ஒகஸ்டில் 20இல் வந்து நின்றது. ஆடைத் தொழிற்சாலைகள் மூச்சு விட்டன. ஆனால் அந்த நான்கு மாதமும் ஆயிரக்கணக்கான பெண்களின் வேலை வேறொரு நாட்டுத் தலைவரின் ஒரு கையெழுத்தில் தொங்கியது. நம் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆடைகள். அவற்றை வாங்குவோர் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா. மூவரும் தொலைவில் இருக்கிறார்கள். தீர்வையில்லாமல் விற்க ஐரோப்பா தரும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையும் 2010இல் பறிபோய் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. கொடுத்தால் உண்டு, எடுத்தால் இல்லை என்ற நிலையில் ஒரு நாட்டின் தொழில் நிற்கக் கூடாது.

அதனால்தான் அயல்நாடுகளோடு சேர்வது பற்றிய பழைய கேள்வி மறுபடி எழுந்திருக்கிறது. நம் முன்னே நான்கு வழிகள் இருக்கின்றன. தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கை உயிர்ப்பிப்பது, வங்கக் கடல் நாடுகளின் பிம்ஸ்டெக்கைப் பிடித்துக்கொள்வது, சீனாவும் ஜப்பானும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் இருக்கும் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் நுழைவது, இந்தியாவுடன் இருக்கும் ஒப்பந்தத்தை ஆழப்படுத்துவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய ஒப்பந்தத்தைச் செப்பனிடுவதே முதல் வேலை. அதிலும் தென்னிந்தியாவோடு மின்சாரமும் கப்பலும் இணைவதற்கு முன்னுரிமை வேண்டும். ஆர்செப் விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது, ஆனால் அதை நம்பி இருக்கவும் கூடாது. மற்ற இரண்டுக்கும் கூட்டம் நடந்தால் போய் உட்காரலாம், காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தெற்காசியாவில் முதலில் கதவைத் திறந்த நாடு இலங்கைதான். 1977இல் பொருளாதாரம் தாராளமயமானது, 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. இந்தியா அந்தத் திசையில் திரும்பியது 1991இல். வியட்நாம் ஆசியானில் சேர்ந்தது 1995இல், உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2007இல். இன்று வியட்நாம் எங்கே, நாம் எங்கே? 2000ஆம் ஆண்டில் நம் பொருள், சேவை ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 39 சதவீதமாக இருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது 20 அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த இடைவெளியைக் கடன் நிரப்பியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்க வேண்டி வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஏற்றுமதி தேய்ந்தது அவற்றில் பெரிய ஒன்று. எனவே இது வெளியுறவுத் துறையினரின் பேச்சுப் பொருள் மட்டும் இல்லை, எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் கேள்வியும்தான்.

சார்க்கும் பிம்ஸ்டெக்கும்

சார்க் 1985 டிசம்பர் 8ஆம் திகதி டாக்காவில் ஏழு நாடுகளோடு பிறந்தது. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. சாப்டா என்ற சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2004இல் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான குடும்பம் நமக்கு இல்லை. ஆனால் தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள்ளேயே நடப்பது சுமார் 5 சதவீதம்தான். ஆசியானில் அது 20க்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கும் மேல்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சார்க்கில் எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். இரு நாடுகளுக்கு இடையிலான பிணக்கை அங்கே பேசவும் கூடாது என்று சாசனமே சொல்கிறது. டில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் சரிவராத நாளில் மொத்த அமைப்பும் நின்றுவிடும். கடைசி உச்சிமாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது காஷ்மீரில் இந்திய இராணுவ முகாம் மீது நடந்த ஊரித் தாக்குதலுக்குப் பிறகு கைவிடப்பட்டது. அதற்கப்புறம் இல்லை. காத்மாண்டுவில் வாகனப் போக்குவரத்து ஒப்பந்தத்துக்குப் பாகிஸ்தான் சம்மதிக்காததால், பங்களாதேஷ், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் அடுத்த ஆண்டு திம்புவில் தனியாக ஒன்றில் கையெழுத்திட்டன. பூட்டானின் மேலவை அதையும் ஏற்கவில்லை.

இலங்கைக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. பாகிஸ்தானோடு நமக்கு 2005 முதல் தனியாகச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தமே இருக்கிறது. ஆனாலும் மற்ற இருவரின் பகை தீரும்வரை நம் ஏற்றுமதியாளர் காத்திருக்க முடியாது. சார்க் நமக்குத் தந்த உருப்படியான பயன் ஒன்று வேறொரு இடத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் ஜிஎஸ்பி விதிப்படி தீர்வைச் சலுகை பெற வேண்டுமானால் ஆடையைத் தைத்தால் மட்டும் போதாது, துணியும் உள்நாட்டில் உருவாகியிருக்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் போன்ற தெற்காசிய நாடுகளின் துணியை, சில நிபந்தனைகளோடு, நம் துணியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ள அந்த விதி இடம் தருகிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் நெய்த துணி கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவில் சட்டையாகி ஐரோப்பாவுக்குத் தீர்வையில்லாமல் போக வழி இருக்கிறது. இதை முழுதாகப் பயன்படுத்துவதற்கு உச்சிமாநாடு எதுவும் தேவையில்லை, மலிவான நல்ல கப்பல் வழி இருந்தால் போதும்.

பிம்ஸ்டெக்கில் பாகிஸ்தான் இல்லை, தாய்லாந்தும் மியன்மாரும் இருக்கின்றன. அதனால் சார்க்குக்கு மாற்று என்று டில்லி அதை முன்னே தள்ளுகிறது. 1997 ஜூனில் பாங்கொக்கில் தொடங்கிய அமைப்புக்குச் சாசனம் கிடைத்தது 2022இல், கொழும்பு மாநாட்டில். சுதந்திர வர்த்தகத்துக்கான சட்டக ஒப்பந்தம் 2004இல் கையெழுத்தானது, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது முழு ஒப்பந்தமாகவில்லை. 2021 இராணுவப் புரட்சிக்குப் பின் மியன்மார் எந்த உறுதியும் தரும் நிலையில் இல்லை. தாய்லாந்தின் சந்தைதான் வேண்டும் என்றால் அதற்கும் பிம்ஸ்டெக் தேவையில்லை. 2024 பெப்ரவரியில் தாய்லாந்தோடு நாம் நேரடியாகவே சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்துவிட்டோம். 2025 ஏப்ரல் பாங்கொக் மாநாட்டில் கையெழுத்தான கடல் போக்குவரத்து உடன்பாடு மட்டும் பின்னாளில் பயன்படலாம்.

ஆர்செப்: பெரிய சந்தை, ஆனால் நம் சரக்குக்கா?

ஆர்செப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை 2020 நவம்பரில் கையெழுத்தாகி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆசியானின் பத்து நாடுகள், சீனா, ஜப்பான், தென்கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பதினைந்து உறுப்பினர்கள். உலக உற்பத்தியில் ஏறத்தாழ 30 சதவீதம் அங்கே நடக்கிறது. இந்தியா 2019இல் கடைசி நேரத்தில் விலகியது. இலங்கை 2023இல் சேர விண்ணப்பித்தது.

இதில் உண்மையான கவர்ச்சி ஒன்று உண்டு. பதினைந்து நாடுகளின் மூலப்பொருளையும் ஒரே பிராந்தியத்தின் உற்பத்தியாகக் கணக்கில் சேர்க்கும் தோற்ற விதி. சீனத் துணியில் தைத்த ஆடையை ஜப்பானுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ சலுகைத் தீர்வையில் அனுப்ப அது வழி செய்யும். இறப்பர் பொருள்களுக்கும் மின்னணு உதிரிப் பாகங்களுக்கும் அதே வாய்ப்பு. முதலீட்டாளர் ஒருவர் பினாங்கா, ஹோ சி மின் நகரமா, கொழும்பா என்று ஆராயும்போது, ஆர்செப்பில் இல்லாத நாட்டின் பெயரை முதல் சுற்றிலேயே அடித்துவிடுவார் என்பதும் உண்மை.

எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. நம் ஆடையை இன்று வாங்கும் மூன்று பெரிய சந்தைகளில் ஒன்றுகூட ஆர்செப்பில் இல்லை. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நாம் செய்வதையே நம்மைவிட மலிவாகச் செய்பவர்கள். வியட்நாமும் கம்போடியாவும் ஆடை தைக்கின்றன. இறப்பர், தேங்காய், வாசனைத் திரவியம் என்று எதை எடுத்தாலும் தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸில் ஒன்றாவது அங்கே நமக்கு முன் நிற்கிறது. ஆக, முதல் பல ஆண்டுகளுக்கு ஏற்றுமதி கூடுவதைவிட இறக்குமதி வேகமாகக் கூடும். வெளிநாட்டு நாணயக் கையிருப்பை மெல்ல மெல்லக் கட்டி எழுப்பும் நாடு இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

கொழும்பில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று இருக்கிறது. இந்தியா ஆர்செப்பில் இல்லை. நாம் அதிலும் சேர்ந்து இந்தியாவுடனும் ஒப்பந்தம் வைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவிலான மையமாகிவிடலாம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆசியான் நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் இடையே 2010 முதலே சரக்கு ஒப்பந்தம் இருக்கிறது. தென்கொரியாவுக்கு 2010, ஜப்பானுக்கு 2011, அவுஸ்திரேலியாவுக்கு 2022. அதாவது சிங்கப்பூரும் வியட்நாமும் நாம் ஆசைப்படும் நடு இடத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கின்றன. அந்த இடத்தில் நமக்கென்று தனிச் சிறப்பு வேண்டுமானால் அது ஒப்பந்தத்தால் வராது. இந்தியக் கரைக்கு நாம் இருக்கும் நெருக்கத்தால்தான் வரும். அந்த நெருக்கத்தை நாம் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவே இல்லை.

இந்தியா: இருபத்தைந்து ஆண்டு அனுபவம்

மற்ற மூன்றையும் ஊகித்துத்தான் பேச முடியும். இந்தியாவோடு நமக்கு அனுபவம் இருக்கிறது. 1998 டிசம்பர் 28ஆம் திகதி கையெழுத்தான இலங்கை இந்திய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் முதல் இருதரப்புச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இதுதான். சிறிய நாடு என்பதற்காக நமக்கு அதில் சலுகையும் இருந்தது. வரி குறைக்காத பொருள்களின் பட்டியலில் இலங்கை ஏறத்தாழ 1,200 பொருள்களை வைத்துக்கொண்டது, இந்தியா 400க்குச் சற்று அதிகமாக வைத்தது. 2000இல் இந்தியாவுக்கான நம் ஏற்றுமதி 60 மில்லியன் டொலரைக்கூடத் தொடவில்லை. ஐந்தே ஆண்டில் 500 மில்லியனைத் தாண்டியது.

அந்த ஐந்தாண்டில் போனது எது என்று பார்த்தால்தான் பாடம் தெரியும். பெரும்பகுதி செம்பும் வனஸ்பதியும். நம் மண்ணில் செம்பும் இல்லை, பாமாயிலும் பெரிதாக இல்லை. அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. அதனால் இந்திய முதலீட்டாளர்களே இங்கே ஆலை போட்டு, எண்ணெயை இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்புக் கழிவிலும் இதே கதை. இந்தியத் தொழிலதிபர்கள் கூச்சலிட, டில்லி அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வரி வித்தியாசம் போனதும் ஆலைகளும் போயின. அவற்றில் வேலை செய்தவர்களுக்குக் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

உண்மையாகவே நம்முடைய சரக்கு என்ன ஆனது? ஆடைக்கு 80 இலட்சம் துண்டு என்று கோட்டா வைத்தார்கள். அதிலும் 60 இலட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்பது தொடக்க நிபந்தனை. தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ, அதுவும் முதலில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும். இவற்றில் பல பின்னாளில் தளர்த்தப்பட்டன. ஆனால் நம் வியாபாரிகள் அதற்குள் சோர்ந்துவிட்டார்கள். பங்களாதேஷைப் பாருங்கள். 2011இல் இந்தியா அதன் ஆடைகளுக்குக் கோட்டாவே இல்லாமல் தீர்வையை நீக்கியது. பின்னால் வந்தவர்களுக்கு நம்மைவிட நல்ல நிபந்தனை கிடைத்தது. மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு என்ற சலுகை அவர்களுக்கு இருந்தது, நாமோ நம் பேச்சை முடிக்கவே இல்லை.

மிளகு விஷயத்தில் தவறு நம் பக்கமும் உண்டு. வியட்நாம் மிளகை இறக்கி, இலங்கை மிளகு என்று சான்றிதழ் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பிய வியாபாரிகள் இருந்தார்கள். கேரளத்திலும் குடகிலும் மிளகு விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. மாத்தளையிலும் கண்டியிலும் கொடி வளர்த்து, காயவைத்து, நேர்மையாக விற்றவரும் அந்த விலைச் சுவரில் முட்டி நின்றார். தோற்றச் சான்றிதழ் வழங்கும் இடத்தில் கண்டிப்பாக இருந்திருந்தால் அந்த விவசாயியைக் காப்பாற்றியிருக்கலாம். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஒப்பந்தத்தை விரிவாக்கும் முயற்சிகளும் இப்படித்தான் இழுபட்டன. சீபா என்ற விரிவான ஒப்பந்தம் 2008இல் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது, கொழும்பில் சார்க் மாநாடு நடந்த நேரத்தில் அது கைவிடப்பட்டது. 2016இல் எட்கா என்ற பெயரில் மறுபடி பேச்சு தொடங்கியது. 2018க்குள் பதினொரு சுற்று. பின்பு நீண்ட மௌனம். 2023 ஒக்டோபரில் பன்னிரண்டாம் சுற்று, 2024 ஜூலையில் பதினான்காம் சுற்று. மருத்துவர் சங்கமும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் எதிர்த்தார்கள். இந்தியாவிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு ஆள் வந்து குவியும் என்பது அவர்கள் அச்சம்.

அந்த அச்சத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. 140 கோடிப் பேருக்கும் இரண்டு கோடியே சொச்சம் பேருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் என்றால் சிறியவன் பயப்படுவது இயல்பு. ஆனால் நெருக்கடிக்குப் பிறகு நம் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கூட்டமாக வெளிநாடு போனார்கள். எந்த ஒப்பந்தமும் இல்லாமலே போனார்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் நிபுணர் இல்லாமல் நோயாளிகள் கொழும்புக்கு அலைகிறார்கள். எனவே சேவைத் துறையில் ஒரேயடியாகத் திறக்காமல், எந்தெந்தத் தொழிலில் ஆள் தேவை என்று நாமே பட்டியல் போட்டு, அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். பட்டியலில் இல்லாதது மூடியே இருக்கும். உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தமே இந்த முறையில்தான் இயங்குகிறது. இதை 2008இலேயே மக்களுக்கு விளக்கியிருந்தால் பதினேழு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

அரசியல் காலமும் மாறியிருக்கிறது. ஜேவிபி எனப்படும் மக்கள் விடுதலை முன்னணி தன் தொடக்க கால வகுப்புகளில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று ஒரு பாடமே நடத்திய கட்சி. இன்று அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி. பதவிக்கு வந்த பிறகு அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம் 2024 டிசம்பரில் டில்லிக்குத்தான். அங்கே எட்கா பேச்சைத் தொடர்வதாக இரு நாடுகளும் சொல்லின. எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களே ஆட்சியில் இருக்கும்போது செய்யும் ஒப்பந்தம்தான் நிலைக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தியா பிரித்தானியாவோடு 2025 ஜூலையில் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்துவிட்டது. திருப்பூர் பனியனுக்கும் அங்கே தீர்வை நீங்கும். நமக்கு இருந்த முந்துரிமை கரைகிறது. திருப்பூரோடு போட்டி போட்டு வெல்வது கடினம். அவர்களின் துணியை வாங்கி, உள்ளாடை, விளையாட்டு உடை என்று நாம் நுணுக்கமாகச் செய்யும் வகைகளில் நிற்பது முடிகிற காரியம்.

மின்கம்பியும் கப்பலும்

ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இரண்டு உண்டு. அவை பற்றி நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வரிக் குறைப்பைவிட இவை வேகமாகப் பலன் தரும்.

முதலாவது மின்சாரம். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 ஏப்ரல் புத்தாண்டு நாள்களில் நிலைமை தலைகீழ். தேவை குறைவு, வெயில் அதிகம், கூரைச் சூரியத் தகடுகளை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தனித்தீவாக நிற்கும் சிறிய மின்வலையின் சிக்கல் இது. குறையும்போது இருட்டு, கூடும்போது வீண். அயலில் பெரிய வலை ஒன்று இருந்தால் இரண்டுக்கும் அதுவே மருந்து.

இது புது யோசனையும் இல்லை. பூட்டான் 1980களிலிருந்து சுக்கா நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்கிறது. பங்களாதேஷ் 2013 முதல் மேற்கு வங்கத்திலிருந்து வாங்குகிறது. ஒரு காலத்தில் நாளின் பெரும்பகுதி இருண்டு கிடந்த நேபாளம் 2021 முதல் இந்தியாவுக்கு விற்கிறது. 2024 நவம்பரில் நேபாளத்தின் 40 மெகாவாட் இந்தியக் கம்பி வழியாகப் பங்களாதேஷுக்கே போனது. சார்க் படுத்த பிறகு தெற்காசியாவில் உண்மையில் இணைந்தது மின்வலைதான். இந்தியாவுடன் உயர் அழுத்த நேர்மின்னோட்டக் கம்பிக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் கையெழுத்தானது. மதுரைப் பக்கத்திலிருந்து மன்னார் கடலைத் தாண்டி வரும் திட்டம். பல பத்தாண்டு பேசிய விஷயம், இனிமேலாவது நடக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விற்பதற்கு மின்சாரம் வேண்டும் என்று மன்னார் தீவை முழுக்கக் காற்றாலையாக்கிவிடக் கூடாது. வலசை வரும் பறவைகளின் இடம் அது. மழைநீர் வடியாமல் ஊருக்குள் நிற்கிறது என்று 2025இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைக் கேட்காமல் போடும் கம்பி எந்தக் கடலைக் கடந்தாலும் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது கப்பல். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பல் போக்குவரத்து 1964 புயலில் தனுஷ்கோடியை இழந்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் உள்நாட்டுப் போரால் 1980களில் நின்றது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம், காங்கேசன்துறை இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஒகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் உண்டு. பயணிகள் கப்பல் நல்லதுதான். ஆனால் வர்த்தகத்துக்கு வேண்டியது சரக்குக் கப்பல், குளிர்க்களஞ்சியம், காங்கேசன்துறையிலேயே சுங்கமும் உணவுப் பரிசோதனையும். இன்று யாழ்ப்பாணத்து விவசாயியின் பொருள் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் சில மணி நேரத்தில் இருக்கும் ஊருக்கு இப்படிச் சுற்றினால் எந்த வரி விலக்கும் ஈடு செய்யாது.

கொழும்புத் துறைமுகத்துக்கும் இது பொருந்தும். அது கையாளும் கொள்கலன்களில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போவதும் அங்கிருந்து வருவதும்தான். 2024 டிசம்பரில் கேரளத்தின் விழிஞ்சம் துறைமுகம் வணிக இயக்கத்தைத் தொடங்கியது, அங்கேயும் ஆழமான கடல், பெரிய கப்பல்கள். விழிஞ்சத்தை நடத்தும் அதானி குழுமமே கொழும்பின் மேற்கு முனையத்திலும் பெரும்பங்கு வைத்திருக்கிறது. இந்தியாவோடு சேராமல் இருந்தால் கொழும்பு பத்திரமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தரைப்பாலம்? 2023 ஜூலைக் கூட்டறிக்கையில் அதற்கான சாத்தியக்கூறு ஆய்வு பற்றிப் பேசப்பட்டது. இப்போதைக்கு வேண்டாம் என்பேன். செலவு பெரிது, மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளுக்கு ஆபத்து, சிங்கள மக்களிடையே அச்சத்தைக் கிளப்பி மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

வடக்கின் கடல்

இந்தியாவோடு நெருங்குவதை வடக்குத் தமிழர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பார்கள் என்று தெற்கிலும் தமிழ்நாட்டிலும் பலர் நினைக்கிறார்கள். பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் மீனவரிடம் கேட்டுப் பாருங்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்களின் வலைகளைத் தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. கடலடி வாரி எடுக்கப்படுகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. சிறைபிடிப்பும் விடுதலையும் மாறி மாறி நடக்க, இரு கரையிலும் ஏழைக் குடும்பங்களே அழுகின்றன. மின்கம்பி, கப்பல், எட்கா எல்லாவற்றையும் பேசும் மேசையில் இழுவைமடியை நிறுத்தும் கால அட்டவணையும், இராமேஸ்வரத்து மீனவருக்கு மாற்றுத் தொழில் உதவியும் இல்லையென்றால், வடக்கு மக்களுக்கு இந்த இணைப்பு தங்கள் தலைக்கு மேல் நடக்கும் வியாபாரம்தான்.

நம் பக்கத்து வேலை

எந்த வழியில் போனாலும் முதலில் நம் சுங்க வரியைச் சீராக்க வேண்டும். தீர்வை ஒன்று, அதற்கு மேல் செஸ் வரி, அதற்கும் மேல் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி. ஒப்பந்தத்தில் தீர்வையை நீக்கிவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டால் எதிர்ப்பக்கம் நம்மை நம்பாது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்திலும் இவற்றைக் கட்டம் கட்டமாக நீக்கும் கடப்பாடு இருக்கிறது. சிங்கப்பூரோடு 2018இல் செய்த ஒப்பந்தம் உள்நாட்டு எதிர்ப்பில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்ததையும் ஆர்செப் நாடுகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. போட்டியில் நலியும் சிறு உற்பத்தியாளருக்கு, சப்பாத்துத் தொழில், பிஸ்கட், பால் பொருள் எதுவானாலும், மாறிக்கொள்ள ஐந்தாறு ஆண்டு அவகாசமும் கடன் வசதியும் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

சரி, அடுத்த எட்கா சுற்றுக்கு நம் குழு எதைக் கொண்டு போக வேண்டும்? ஆடைக்கும் மிளகுக்கும் மிஞ்சியிருக்கும் கோட்டாக்களையும் விலைக் கட்டுப்பாட்டையும் நீக்கக் கேட்க வேண்டும். அதற்கு ஈடாகத் தோற்றச் சான்றிதழை இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து சரிபார்க்க நாமே முன்வர வேண்டும். நம் ஆய்வுக்கூடத்தின் சான்றை இந்தியத் துறைமுகத்தில் ஏற்க வேண்டும், மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டு சரக்கை நாள்கணக்கில் நிறுத்தக் கூடாது. ஓர் எல்லைக்கு மேல் இறக்குமதி பெருகினால் தீர்வையைத் தற்காலிகமாகத் திரும்பப் போடும் உரிமை நமக்கு வேண்டும். சேவைக்கு நாமே போட்ட பட்டியல். மின்கம்பிக்கும் காங்கேசன்துறைச் சரக்குக் கப்பலுக்கும் திகதி போட்ட இணைப்பு. இழுவைமடிக்கு முடிவுத் திகதி. இவற்றில் பாதிக்காவது டில்லி ஒப்புக்கொண்டு கையெழுத்தான பிறகு, அதே ஆவணத்தை எடுத்துக்கொண்டு ஆர்செப் செயலகத்தின் கதவைத் தட்டலாம். இந்தியாவோடு நிபந்தனை பேசிப் பழகிய குழு அங்கே போய்த் தடுமாறாது.